பயிற்சி மருத்துவர்களுக்கான தரவுவழிப் பின்னூட்டம்

பயிற்சி மருத்துவர்களுக்கான தரவுவழிப் பின்னூட்டம் என்பது, பயிற்சியில் இருக்கும் ஒரு மருத்துவர் தாம் கவனித்த நோயாளிகளுக்கு என்ன செய்தார், அதன் பின் அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதை மருத்துவமனைப் பதிவுகளிலிருந்து திரட்டி, அவருக்கே திருப்பிக் காட்டும் கற்பித்தல் முறையாகும். ஹவுஸ் சர்ஜன்கள், பட்டமேற்படிப்பு மாணவர்கள், உயர்சிறப்புப் பிரிவுகளில் பயில்வோர் ஆகிய அனைவரையும் இக்கட்டுரை பயிற்சி மருத்துவர் என்றே குறிக்கிறது. ஒருவருக்கு என்ன தெரியும் என்பதைத் தேர்வு மதிப்பெண் காட்டும். அவர் நோயாளியிடம் உண்மையில் என்ன செய்கிறார் என்பதை இத்தரவு காட்டும். இவ்விரண்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

எண்களைக் கையில் கொடுத்துவிட்டால் மருத்துவர் தாமாகவே மேம்பட்டுவிடுவார் என்று எதிர்பார்ப்பது எளிது. ஆய்வுகள் அவ்வாறு சொல்லவில்லை. தரவு அந்த மருத்துவருடையதாக இருக்க வேண்டும். நியாயமாக ஒப்பிடப்பட வேண்டும். அவர் நம்பும் மூத்த மருத்துவர் ஒருவருடன் அதைப் பற்றிப் பேச வாய்ப்பு வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது பயனற்ற தாளாகிவிடலாம். சில வேளைகளில் தீங்கும் செய்யலாம்.

ஏன் தேவைப்படுகிறது?

நம் திறமையை நாமே சரியாக எடைபோட்டுவிடுவோம் என்ற நம்பிக்கை மருத்துவர்களிடமும் உண்டு. 2006-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஒரு மீளாய்வு, மருத்துவர்கள் தமக்குத் தாமே அளித்த மதிப்பீட்டையும் பிறர் நேரடியாக அளந்த மதிப்பீட்டையும் ஒப்பிட்டது. மொத்தம் 20 ஒப்பீடுகள். அவற்றுள் 13-ல் இரண்டுக்கும் இடையே தொடர்பு மிகக் குறைவாகவோ, இல்லாமலோ, தலைகீழாகவோ இருந்தது. திறன் குறைந்தவர்களிடமும், தன்னம்பிக்கை மிகுந்தவர்களிடமும் இந்த இடைவெளி அதிகமாகக் காணப்பட்டது.

பயிற்சிக் காலத்தின் அமைப்பும் இதற்கு ஒரு காரணம். இரவு டியூட்டியில் காய்ச்சலுடன் வந்தவரைப் பார்த்து, நிமோனியா என்று எழுதி வார்டுக்கு அனுப்பும் மருத்துவர் காலையில் வீட்டுக்குப் போய்விடுவார். மூன்றாம் நாள் அது காசநோய் என்று தெரியவரும்போது அந்நோயாளி வேறொருவர் பொறுப்பில் இருப்பார். முதலில் பார்த்தவருக்குச் செய்தி போய்ச் சேராது. தம் கணிப்பு சரியாக இருந்தது என்றே அவர் எண்ணிக்கொண்டிருப்பார். மாதத்துக்கு ஒரு பிரிவு என மாறிக்கொண்டே இருப்பதால், செயலுக்கும் விளைவுக்கும் இடையிலான தொடர்பு பயிற்சி மருத்துவர்களுக்கு அடிக்கடி அறுந்துபோகிறது.

பயிற்சியில் படியும் பழக்கம் நெடுநாள் நீடிக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் புளோரிடா, நியூயார்க் மாநிலங்களில் 1992 முதல் 2007 வரை நடந்த சுமார் 49 லட்சம் பிரசவங்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2009-ல் வெளியானது. 107 பயிற்சித் திட்டங்களில் பயின்ற 4,124 மகப்பேறு மருத்துவர்கள் பார்த்த பிரசவங்கள் அவை. முடிவுகளில் முன்னணியில் இருந்த ஐந்தில் ஒரு பங்குத் திட்டங்களில் பயின்றவர்களிடம் பிரசவித்த தாய்மாரில் 10.3 சதவீதத்தினருக்குப் பெரிய சிக்கல்கள் ஏற்பட்டன. கடைசி ஐந்தில் ஒரு பங்குத் திட்டங்களில் பயின்றவர்களிடம் அது 13.6 சதவீதம். உரிமத் தேர்வு மதிப்பெண்களைக் கணக்கில் எடுத்த பின்னும் இந்த வேறுபாடு பெரிதாக மாறவில்லை. எங்கே பயின்றார் என்பதன் தடம் பல ஆண்டுகள் கழித்தும் நோயாளிகளின் உடலில் தெரிகிறது. ஆகவே, திருத்த வேண்டியதைப் பயிற்சிக் காலத்திலேயே காட்டுவது நோயாளிகளின் பாதுகாப்புக்கான தேவையாகும்.

வரலாறு

மருத்துவர்களுக்கு அவர்களுடைய எண்களையே காட்டிய தொடக்ககால நிகழ்வுகளுள் ஒன்று பயிற்சி மருத்துவம் சார்ந்ததே. வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் மருத்துவ மாணவர்களும் இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகளும் பயின்றனர். 1846-ல் முதற்பிரிவில் தாய்மார் இறப்பு 11.4 சதவீதம், இரண்டாம் பிரிவில் 2.8 சதவீதம். பிணக்கூறாய்வு செய்த கைகளுடன் மாணவர்கள் பிரசவம் பார்க்க வருவதே காரணம் என்று இக்னாஸ் செம்மல்வைஸ் முடிவுக்கு வந்தார். 1847 மே மாதம் குளோரின் கரைசலில் கை கழுவுவதைக் கட்டாயமாக்கினார். ஏப்ரலில் 18.3 சதவீதமாக இருந்த இறப்பு ஜூனில் 2.2 சதவீதமாகக் குறைந்தது.

இவ்வளவு தெளிவான எண்கள் இருந்தும் அக்கால மருத்துவ உலகில் பலர் அவர் கருத்தை ஏற்கவில்லை. அவர் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டது 1861-ல்தான். அதன் பின் ஏற்க மறுத்தவர்களைக் கொலைகாரர்கள் என்று சாடும் திறந்த மடல்களை எழுதினார். எதிர்ப்புக்கு வேறு காரணங்களும் இருந்தன. எனினும், எண் சரியாக இருப்பது மட்டும் போதாது, அது சொல்லப்படும் விதமும் முக்கியம் என்பதற்கு இது பழைய உதாரணம்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன், ஒவ்வொரு நோயாளியையும் சிகிச்சைக்குப் பின் போதிய காலம் தொடர்ந்து கவனித்து, சிகிச்சை பலித்ததா, இல்லையெனில் ஏன் என்று பதிவு செய்ய வேண்டும் என வாதிட்டார். இதற்கு ‘இறுதி விளைவு’க் கொள்கை என்று பெயர். தாம் நடத்திய சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை பெற்றுச் சென்ற 337 நோயாளிகளின் விவரங்களையும், அவர்கள் சிகிச்சையில் நேர்ந்ததாகத் தாம் கண்ட 123 பிழைகளையும் அச்சிட்டு வெளியிட்டார். சக மருத்துவர்களின் எதிர்ப்பே அவருக்குக் கிடைத்தது.

பயிற்சித் திட்டங்களின் முறையான பகுதியாக இது மாறியது மிக அண்மையில்தான். அமெரிக்காவில் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்விக்கு அங்கீகாரம் வழங்கும் அவை, 1999-ல் ஆறு அடிப்படைத் தகுதிகளை வகுத்தது. தம் மருத்துவப் பணியைத் தாமே ஆராய்ந்து மேம்படுத்திக்கொள்வது அவற்றுள் ஒன்று. பயிற்சி மருத்துவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அவர்கள் பார்க்கும் நோயாளிகள் தொடர்பான தர அளவுகளையும் ஒப்பீட்டு அளவுகளையும் தர வேண்டும் என்ற விதியையும் அவ்வவை பின்னர் சேர்த்தது. பிரிட்டனில் பயிற்சி மருத்துவர்கள் தம் பிரிவின் பணியைத் தணிக்கை செய்வதும், உடன் பணியாற்றுவோரின் கருத்துகளைத் திரட்டுவதும் பயிற்சியின் வழக்கமான கூறுகளாக உள்ளன.

எவ்வகைத் தரவுகள்?

செயல்முறைத் தரவு: செய்ய வேண்டியது செய்யப்பட்டதா என்பதை இது காட்டும். நீரிழிவு நோயாளியின் பாதங்களைச் சோதித்தாரா, சளிக்காய்ச்சலுக்குத் தேவையின்றி ஆன்டிபயாட்டிக் எழுதினாரா என்பன இதில் அடங்கும்.

விளைவுத் தரவு: இறப்பு, தொற்று, மீண்டும் அனுமதி, அறுவைக்குப் பின் சிக்கல் போன்றவை. நோயாளிக்கு மிக முக்கியமானவை இவையே. ஆனால் ஒரு தனி மருத்துவரின் செயலோடு இவற்றைப் பிணைப்பது கடினம்.

கைத்திறன் தரவு: மூச்சுக்குழாய் செருகுதல், முதுகுத்தண்டு ஊசி, மையச் சிரைக் குழாய் பொருத்துதல் ஆகியவற்றில் எத்தனை முயற்சி, எத்தனை வெற்றி என்ற கணக்கு.

தொடர்ச்சித் தரவு: முதலில் கணித்த நோய் என்ன, வீடு திரும்பும்போது உறுதியான நோய் என்ன என்ற ஒப்பீடு. மேலே சொன்ன இரவு டியூட்டி மருத்துவருக்குத் தேவைப்பட்டது இதுதான். செலவு குறைந்ததும் இதுவே. அவர் அனுமதித்த நோயாளிகளின் பெயர்ப்பட்டியலும், சில வாரங்கள் கழித்து அவர்களுடைய கேஸ் ஷீட்டைத் திறந்து பார்க்க அனுமதியும் இருந்தால் போதும்.

மனிதர்களின் கருத்து: நோயாளிகள், செவிலியர்கள், சக மருத்துவர்கள் ஆகியோர் தரும் மதிப்பீடு. எண்களில் அகப்படாத நடத்தை, பேச்சு, கூட்டுப்பணி ஆகியவை இதில்தான் தெரியவரும்.

யாருடைய செயல்?

ஒரு நோயாளியை ஹவுஸ் சர்ஜன் பார்க்கிறார், பட்டமேற்படிப்பு மாணவர் மருந்து எழுதுகிறார், உதவிப் பேராசிரியர் ரவுண்ட்ஸில் அதை மாற்றுகிறார், செவிலியர் கொடுக்கிறார். முடிவு நன்றாக இருந்தாலும் மோசமாக இருந்தாலும் அது யாருடையது? இதுவே இத்துறையின் மிகக் கடினமான கேள்வி. பிரிவின் சராசரியைக் காட்டினால், அது தம்முடையது அல்ல என்று பயிற்சி மருத்துவர் ஒதுக்கிவிடுவார். தம் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்றுக்குத் தம்மைப் பொறுப்பாக்கினால் தரவின் மீதே நம்பிக்கை இழப்பார்.

அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழியை முன்வைத்தனர். நோயாளிக்கு முக்கியமானதாகவும், பயிற்சி மருத்துவரே செய்திருக்கக் கூடியதாகவும் உள்ள செயல்களை மட்டும் தேர்ந்தெடுத்து அளப்பது என்பதே அவ்வழி. குழந்தைகள் அவசரப் பிரிவில் ஆஸ்துமா, மூச்சுநுண்குழாய் அழற்சி, தலைக்காயம் ஆகிய மூன்று நிலைகளுக்கு இத்தகைய அளவுகளை உருவாக்கி 2018-ல் வெளியிட்டனர். அளப்பதற்கு எளிதானது எது என்று தேடாமல், இது இவருடைய செயலா என்று முதலில் கேட்பதே இதன் சிறப்பு.

நியாயமான ஒப்பீடு

ஒப்பீடு இல்லாத எண்ணுக்குப் பொருளில்லை. தவறான ஒப்பீடோ கெடுதல் செய்யும். ஒரு பயிற்சி மருத்துவர் பார்த்த பிரசவங்களில் சிசேரியன் விகிதம் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். வெளியூர் மருத்துவமனைகளிலிருந்து நள்ளிரவில் அனுப்பப்படும் சிக்கலான கர்ப்பிணிகளையே அவர் பார்த்திருக்கலாம்.

அயர்லாந்து மகப்பேறு மருத்துவர் மைக்கேல் ராப்சன் 2001-ல் வெளியிட்ட வகைப்பாடு இங்கே உதவும். முதற்பிரசவமா, முன்பு சிசேரியன் நடந்ததா, ஒரு குழந்தையா இரட்டையா, குழந்தையின் கிடப்பு எப்படி, மாதம் நிறைந்ததா, வலி தானாக வந்ததா என்பவற்றைக் கொண்டு எல்லாக் கர்ப்பிணிகளையும் இது 10 குழுக்களாகப் பிரிக்கிறது. மருத்துவமனைகளுக்குள்ளும் மருத்துவமனைகளுக்கு இடையிலும் சிசேரியன் விகிதத்தை ஒப்பிட இதைப் பயன்படுத்துமாறு உலக சுகாதார நிறுவனம் 2015-ல் பரிந்துரைத்தது. இப்படிப் பிரித்த பின் முதற்பிரசவமும் தானே வந்த வலியும் கொண்ட குழுவில் விகிதம் அதிகமாக இருந்தால், அது பேச வேண்டிய எண். முன்பு சிசேரியன் ஆனவர்களின் குழுவால் மட்டும் மொத்த விகிதம் உயர்ந்திருந்தால் அது வேறு கதை.

சிறிய எண்களின் சிக்கல்

பயிற்சி மருத்துவர் ஒருவர் ஆறு மாதத்தில் 20 மையச் சிரைக் குழாய்களைப் பொருத்துகிறார்; இரண்டில் சிக்கல் என்று கொள்வோம். சிக்கல் விகிதம் 10 சதவீதம். ஆனால் புள்ளியியல் கணக்குப்படி, அவருடைய உண்மையான விகிதம் ஏறத்தாழ 1 சதவீதத்திலிருந்து 32 சதவீதம் வரை எதுவாகவும் இருக்கலாம். இந்த 10 சதவீதத்தை வைத்து அவரைச் சக மாணவரைவிட மேல் அல்லது கீழ் என்று வரிசைப்படுத்துவது தவறு.

இதற்கு மாற்றாக உள்ளது கியூசம் எனப்படும் திரள் கூட்டு வரைபடம். ஏற்கத்தக்க தோல்வி விகிதம் 10 சதவீதம் என்று வைத்தால், ஒவ்வொரு வெற்றிக்கும் கோடு 0.1 அளவு இறங்கும். ஒவ்வொரு தோல்விக்கும் 0.9 அளவு ஏறும். பத்துக்கு ஒரு தோல்வி என்றால் கோடு சமமாகவே போகும். தொடர்ந்து ஏறினால் நின்று கவனிக்க வேண்டும். இங்கே ஒப்பீடு பிறரோடு அன்று. ஒருவர் தம் பயணத்தையே பார்க்கிறார். மயக்கவியல் பயிற்சி மருத்துவர்களின் கைத்திறனை இம்முறையில் அளந்த ஆய்வு 1995-லேயே பிரிட்டனில் வெளியானது.

மூத்தவர்களுக்கும் இது தேவை என்பதை லண்டனின் குழந்தை இதய அறுவை நிபுணர் மார்க் டி லெவால் காட்டினார். பச்சிளங்குழந்தைகளுக்குத் தாம் செய்த 104 தமனி மாற்று அறுவைகளில் ஒரு கட்டத்தில் இறப்புகள் குவிந்ததைக் கவனித்து, மறுபயிற்சி பெற்று, அந்த அனுபவத்தைக் கியூசம் வரைபடத்துடன் 1994-ல் ஆய்விதழில் வெளியிட்டார். இத்தகைய கண்காணிப்பு முன்பே இருந்திருந்தால் எச்சரிக்கை இன்னும் முன்கூட்டியே கிடைத்திருக்கும் என்பது அதன் சாரம்.

ஆய்வுகள் கூறுவது

தணிக்கையும் பின்னூட்டமும் பற்றி காக்ரேன் அமைப்பு 2012-ல் வெளியிட்ட மீளாய்வு 140 சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வுகளைத் தொகுத்தது. விரும்பத்தக்க மருத்துவச் செயல்களில் ஏற்பட்ட மேம்பாட்டின் இடைநிலை 4.3 சதவீதப் புள்ளி. இது பெரிய எண் அன்று. ஆனால் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு மிகுதி: நடுப் பாதி ஆய்வுகளில் மேம்பாடு 0.5 முதல் 16 வரை பரவியிருந்தது. ஆகவே பின்னூட்டம் பலிக்குமா என்று கேட்பதைவிட, எப்படித் தந்தால் பலிக்கும் என்று கேட்பதே பொருத்தம். தொடக்கச் செயல்திறன் குறைவாக இருக்கும்போதும், மேற்பார்வையாளரோ சக மருத்துவரோ தரும்போதும், ஒருமுறைக்கு மேல் தரும்போதும், வாய்மொழியாகவும் எழுத்திலும் தரும்போதும், தெளிவான இலக்கும் செயல்திட்டமும் சேரும்போதும் பயன் கூடுவதாக அம்மீளாய்வு கண்டது.

எச்சரிக்கையும் உண்டு. பலவகைப் பணிகளில் பின்னூட்டத்தின் விளைவை ஆராய்ந்த உளவியல் தொகுப்பாய்வு ஒன்று 1996-ல் வெளியானது. அதில் பின்னூட்டம் சராசரியாக நன்மையே செய்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேர்வுகளில் செயல்திறன் குறைந்தது. கவனம் செய்யும் வேலையிலிருந்து விலகி, ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற கேள்விக்குத் திரும்பும்போது பயன் குறைகிறது என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம்.

எப்படித் தருவது?

மருத்துவக் கல்வியில் பின்னூட்டம் குறித்து ஜாக் எண்டே 1983-ல் எழுதிய கட்டுரை இன்றும் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. பின்னூட்டம் என்பது தகவல், தீர்ப்பு அன்று என்பது அதன் மையக் கருத்து. கனடாவில் உருவான பிற்கால உரையாடல் முறை ஒன்று நான்கு படிகளைச் சொல்கிறது: முதலில் உறவை ஏற்படுத்துதல், தரவைக் கண்டதும் எழும் உணர்வைப் பேசவிடுதல், தரவு என்ன சொல்கிறது என்று சேர்ந்து பார்த்தல், அடுத்து என்ன மாற்றுவது என்று வழிகாட்டுதல்.

இரண்டாம் படியே பெரும்பாலும் விடுபடுகிறது. தம் எண்களைப் பார்த்ததும் “என் நோயாளிகள் எல்லாம் சிக்கலானவர்கள்” என்று சொல்வது இயல்பு. சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். அதை மறுத்து வாதிடுவதைவிட, ஐந்து கேஸ் ஷீட்டுகளை எடுத்துச் சேர்ந்து படிப்பது பயன் தரும். நோயாளிகளின் நிலைதான் காரணம் என்றால் அளவுகோலைத் திருத்தலாம்; இல்லையென்றால் அதைப் பயிற்சி மருத்துவரே கண்டுகொள்வார்.

உரையாடலின் முடிவில் ஒரே ஒரு மாற்றம் போதும். ‘இனி கவனமாக இருப்பேன்’ என்பது திட்டம் ஆகாது. ‘அடுத்த மாதம் நான் வீட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு ஆஸ்துமா குழந்தையின் தாயிடமும் இன்ஹேலரைப் பிடித்துக் காட்டச் சொல்வேன்’ என்பது திட்டம். மறுமாதம் அதை எண்ணிப் பார்க்கவும் முடியும்.

கற்பித்தலா, கண்காணிப்பா?

தேர்ச்சியையோ தரவரிசையையோ தீர்மானிக்க அதே தரவைப் பயன்படுத்தினால் நடத்தை மாறும். கடினமான நோயாளியைத் தவிர்ப்பது, தோல்வியுற்ற முயற்சியைப் பதிவு செய்யாமல் விடுவது, செய்யாததைச் செய்ததாகக் கட்டத்தில் குறியிடுவது ஆகியவை தலைதூக்கும். 1990-களில் நியூயார்க் மாநிலம் இதய பைபாஸ் இறப்பு விகிதங்களை அறுவை நிபுணர் வாரியாக வெளியிட்டபோது, அபாயம் மிகுந்த நோயாளிகள் ஒதுக்கப்படுகிறார்களா என்ற விவாதம் நீண்டகாலம் நடந்தது. ஆகவே, கற்பதற்கான தரவையும் தீர்ப்பதற்கான தரவையும் இயன்றவரை பிரித்து வைப்பதும், யார் பார்ப்பார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவதும் அவசியம். நோயாளிக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் மட்டும் இந்த மறைகாப்பு பொருந்தாது என்பதையும் தொடக்கத்திலேயே தெளிவாக்க வேண்டும்.

இந்தியச் சூழல்

இந்தியாவில் 2019 முதல் தகுதி அடிப்படையிலான இளநிலை மருத்துவப் பாடத்திட்டம் நடைமுறையில் உள்ளது. மாணவர்கள் செயற்பதிவேடு வைத்திருப்பது அதன் பகுதி. முதுநிலைப் படிப்பிலும் பதிவேடு கட்டாயம். ஒரு செயலை எத்தனை முறை செய்தார் என்பதைக் காட்டவே பதிவேடு முதன்மையாகப் பயன்படுகிறது. அதனுடன் ‘முடிவு என்ன’ என்ற ஒரு பத்தியைச் சேர்த்தாலே, கையொப்பத்துக்கான ஏடு கற்பதற்கான ஏடாக மாறத் தொடங்கும். முதுநிலை மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைகளில் பணியாற்றும் மாவட்ட உறைவிடப் பயிற்சித் திட்டமும் இப்போது உள்ளது. அங்கே அவர்கள் பார்த்த நோயாளிகளின் விளைவு அவர்கள் கல்லூரி திரும்பிய பின்னும் வந்துசேர ஏற்பாடு வேண்டும்.

பெயர் சொல்லாமல், பழி சுமத்தாமல் கற்கும் மரபு இங்கே புதிதன்று. கேரளத்தின் மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2004 முதல் தாய்மார் இறப்புகளை அடையாளங்கள் நீக்கி மறைவாக ஆராய்ந்து, படிப்பினைகளை மருத்துவர்களுக்குத் திருப்பித் தருகிறது. இறப்புக்குப் பின் செய்யும் அந்த ஆய்வை, இறப்பு நேரும் முன்பே அன்றாடப் பணியில் சிறிய அளவில் செய்வதுதான் தரவுவழிப் பின்னூட்டம்.

பெரிய கணினி அமைப்பு இல்லாத பிரிவிலும் இதைத் தொடங்கலாம். ஒவ்வொரு பயிற்சி மருத்துவரும் மாதம் ஒருமுறை தாம் அனுமதித்த பத்து நோயாளிகளின் இறுதி நோய்க்கணிப்பைத் தேடி எடுத்து, தம் முதற்கணிப்பின் அருகே எழுதி, மூத்தவர் ஒருவருடன் அரைமணி நேரம் அமர்ந்து பேசினால் போதும். மின்னணுப் பதிவுகள் உள்ள இடத்தில் பட்டியலைக் கணினி விரைவாகத் தரும். அந்த அரைமணி நேரத்தை மூத்தவர்தான் தர வேண்டும்.